கலெக்டர டேக் பண்ணியாச்சு, கண்மாய் அப்படியே கெடக்கு

வாசகர் கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 29 வயசு, கோயம்புத்தூர்ல வேலை பாக்குறேன். சொந்த ஊர் சிவகங்கை மாவட்டத்துல ஒரு கிராமம், ரெண்டாயிரத்து சொச்சம் பேர் இருப்போம். எங்க கண்மாய்க்குத் தண்ணி வர்ற வரத்துக்கால மண்ணப் போட்டு மூடி வேலி கட்டிட்டாங்க. கண்மாய் கரையில ஊராட்சி குப்பையும் கொட்டுறாங்க. ஊர்க்காரங்கள சேத்து வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சேன், 180 பேர் இருக்காங்க. எக்ஸ்ல கலெக்டர், முதல்வர்னு எல்லாரையும் டேக் பண்ணோம், ஆன்லைன் பெட்டிஷன்ல 640 கையெழுத்து வாங்கினோம், முதல்வர் ஹெல்ப்லைன் 1100-க்கும் ஃபோன் பண்ணேன். துறைக்கு அனுப்பியாச்சுன்னு மெசேஜ் வந்துச்சு, கொஞ்ச நாள்ல மனு முடிக்கப்பட்டதுன்னு வந்துச்சு, ஊர்ல ஒண்ணுமே மாறல. இப்ப குரூப்ல கட்சி சண்டைதான். போன வாரம் ஒருத்தர் எங்கப்பாகிட்ட "மகன அடக்கி வைங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். ஆன்லைன்ல எந்தெந்த தளம் இருக்கு, எதுல போனா வேலை நடக்கும்? ஊருக்கு மாசம் ஒரு தடவதான் வர முடியுது.

பதில்:

தம்பி, மொதல்ல ஒரு விஷயத்த ஒத்துக்கிறேன். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துல கிளார்க்கா சேந்து துணை பிடிஓ-வா, அதாவது துணை வட்டார வளர்ச்சி அலுவலரா ரிட்டையர் ஆனவ நான், உங்க மனு மாதிரி மனுக்கள நானே "முடிச்சு" வச்சிருக்கேன். கெட்ட எண்ணத்துல இல்ல. "எங்க ஊர் கண்மாய் ஆக்கிரமிப்பு, உடனே நடவடிக்கை எடுக்கவும்"னு ஒரு வரியில மனு வரும், எந்த சர்வே நம்பர்னு இருக்காது, அந்த கண்மாய் ஒன்றியத்தோடதா நீர்வளத்துறையோடதான்னு இருக்காது, குப்பைய சொல்றாங்களா வேலிய சொல்றாங்களான்னும் தெரியாது. மேலருந்து "பெண்டிங் எத்தன"ன்னு தினம் கேப்பாங்க. நாங்க "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது"ன்னு ஒரு வரி எழுதுவோம், எங்க கணக்குல அது முடிஞ்சுது. தப்புதான், ஆனா உங்க மனுவுக்கும் இதுதான் நடந்திருக்கும்னு பந்தயம் கட்டுவேன்.

அதனால எந்த தளம்னு நீங்க கேட்டதுக்கு முன்னாடி வேற ஒண்ணு இருக்கு. ஆன்லைன்ல ரெண்டு வகை இருக்கு: நம்ம கோவத்த கொட்டுற எடம், கவர்மென்ட் வச்சிருக்கிற காகிதத்த நாம எடுத்துப் பாக்குற எடம். நீங்க இதுவரைக்கும் போனது பூரா மொத வகை. அந்த 640 கையெழுத்து எந்த ஆபீஸ் தபால்லயும் ஏறாது, அதுக்கு நம்பர் போட ஆள் கெடையாது. பிரிட்டன்ல நாடாளுமன்றமே பெட்டிஷன் தளம் நடத்துது, 10,000 கையெழுத்துக்கு அரசு பதில் சொல்லும், 1,00,000 தாண்டினா விவாதத்துக்குப் பரிசீலிப்பாங்க. நீங்க கையெழுத்து வாங்குனது தனியார் தளம், அதுக்கு இங்க பதில் சொல்லியே ஆகணும்னு யாருக்கும் கட்டாயம் இல்ல. ஊர்ல பேச்சு கெளம்ப அது உதவுச்சுன்னு வச்சுக்குங்க, அது போதும்.

ரெண்டாவது வகைக்கு வருவோம். பட்டா சிட்டா பாக்குற வருவாய்த்துறை தளம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், எல்லாரும் சொந்த பட்டா பாத்துட்டு வெளிய வந்துருவாங்க. அதே தளத்துல 'அ' பதிவேடு இருக்கு, எந்த சர்வே நம்பர் என்ன வகை நிலம்னு சொல்ற பதிவேடு. புலப்படம் இருக்கு, நிலத்தோட எல்லைய வரைஞ்ச படம், நம்ம ஆளுங்க எஃப்எம்பின்னு சொல்றது. ஒரு நிலம் புறம்போக்கான்னு சரிபாக்குற வசதியும் இருக்கு. மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே நம்பர் கொடுத்தா வரும். வரத்துக்கால் போற நம்பர் தெரியலன்னா, அத ஒட்டி நிலம் வச்சிருக்கிறவர்கிட்ட அவர் நம்பரக் கேட்டு அந்த எஃப்எம்பிய எடுங்க, பக்கத்து நம்பர் அதுலயே போட்டிருக்கும், அதுலருந்து அடுத்ததுன்னு சங்கிலி மாதிரி போனா வேலி போட்ட எடத்துக்கு வந்துருவீங்க. 'அ' பதிவேட்டுல அந்த நம்பருக்கு நேரா வாய்க்கால், ஓடை, கண்மாய்னு இருந்துச்சுன்னா உங்க கையில மொத காகிதம் வந்தாச்சு. அங்க ஒருத்தர் பேர்ல பட்டா இருந்துச்சுன்னா கத வேற, அதயும் இப்பவே தெரிஞ்சுக்கிறது நல்லது, ரெண்டு வருஷம் சண்ட போட்டப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்.

அப்புறம் கூகுள் எர்த். கம்ப்யூட்டர்ல ஏத்துற ப்ரோ வெர்ஷன்ல பழைய வருஷத்து படங்கள பின்னாடி தள்ளித் தள்ளிப் பாக்கலாம், கால் எந்த வருஷம் வரைக்கும் தெரியுது, எப்ப காணாமப் போகுதுன்னு ரெண்டு மூணு படம் எடுத்து தேதியோட வச்சுக்குங்க. இப்போதைய நெலமைக்கு ஜிபிஎஸ் மேப் கேமரா ஆப்ல ஃபோட்டோ எடுக்கச் சொல்லுங்க, அட்சரேகை தீர்க்கரேகை நேரம் எல்லாம் படத்துலயே விழுந்துரும். எங்க ஆளுங்களே ஆய்வுக்குப் போனா அந்த ஆப்லதான் எடுப்பாங்க, அதனால அந்த ஃபோட்டோவப் பாத்தா "இது எங்க எடுத்தது"ன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.

குப்பை விஷயத்துக்கு இ-கிராம் ஸ்வராஜ்னு மத்திய அரசு தளம், 2020 ஏப்ரல் 24 பஞ்சாயத்து ராஜ் நாள்ல ஆரம்பிச்சது. மாவட்டம், ஒன்றியம், ஊராட்சின்னு தேடிப் போனா உங்க ஊராட்சி அந்த வருஷத்துக்குப் போட்ட திட்டம், எந்த வேலைக்கு எவ்வளவு பணம் போச்சுங்கற வவுச்சர் வரைக்கும் பாக்கலாம். மத்திய நிதிக்குழு சொல்லி ஊராட்சிக்கு வர்ற மானியத்துல ஒரு பெரிய பங்கு குடிதண்ணிக்கும் சுகாதாரத்துக்கும்னே ஒதுக்கிக் கொடுக்கிறது. துப்புரவுன்னு எவ்வளவு எழுதியிருக்குன்னு பாருங்க. எழுதியிருக்கிற செலவுக்கும் கரையில கெடக்கிற குப்பைக்கும் சம்பந்தம் இருக்கான்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஆனா இத ஒடனே குரூப்ல போட்டு "கொள்ளை"ன்னு கத்தாதீங்க, எழுதுற கிளார்க் தலைப்ப மாத்திப் போட்டிருக்கிறதும் நெறய உண்டு, நானே போட்டிருக்கேன்.

இப்ப மனு. ஒரே மனுவுல கண்மாய், வரத்துக்கால், குப்பைன்னு மூணு விஷயத்தயும் எழுதுனா மூணு துறைக்கும் சுத்திட்டு ஒருத்தர் கையிலயும் நிக்காது. கண்மாய் ஆயக்கட்டு (அந்தத் தண்ணியில பாயுற நிலம்) 100 ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு மேல இருந்தா பொதுவா நீர்வளத்துறை, கம்மின்னா ஊராட்சி ஒன்றியம். விஏஓ-கிட்ட கேட்டா நின்ன எடத்துலயே சொல்வார். வரத்துக்கால் புறம்போக்கா இருந்தா ஆக்கிரமிப்பு எடுக்க வேண்டியது தாசில்தார், 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம், பிரிவு 7-ல நோட்டீஸ், 6-ல அகற்றுற உத்தரவு. நீர்வளத்துறை கண்மாய்னா 2007-ல ஏரி குளங்கள் பாதுகாப்புக்குன்னே தனிச் சட்டம் வந்திருக்கு. குப்பை பிடிஓ-வுக்கு. மூணு மனு, ஒவ்வொண்ணும் ஒரு பக்கம், அதுல ஒரே ஒரு கோரிக்கை. "நடவடிக்கை எடுக்கவும்"ங்கற வார்த்தைய எழுதாதீங்க தம்பி, அத எழுதுனா எதையும் நடவடிக்கைன்னு சொல்லி மூடிரலாம். "இந்த சர்வே எண்ணை சர்வேயர் வச்சு அளந்து, எல்லை காட்டி, பிரிவு 7 நோட்டீஸ் கொடுத்து, நகல் எனக்கு அனுப்பவும்"னு எழுதுங்க. அளந்தாங்களா இல்லயாங்கறதுக்கு ஆமா இல்லன்னுதான் பதில் வரும், நடுவுல நழுவ எடம் இல்ல. பொது நிலத்த ஆக்கிரமிச்சா எடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2011 ஜனவரி 28-ல ஜக்பால் சிங் வழக்குல எல்லா மாநிலத்துக்கும் சொல்லியிருக்கு, கடைசியில ஒரு வரி அதையும் சேத்துக்குங்க.

இந்த மூணயும் முதல்வரின் முகவரி தளத்துல நீங்க கோயம்புத்தூர்ல இருந்தே போடலாம், அது 1100 ஹெல்ப்லைனோட அதே சிஸ்டம்தான், ஃபோன்ல சொல்றதுக்குப் பதிலா தளத்துல போட்டா சர்வே நம்பர், ஃபோட்டோ, 'அ' பதிவேடு எல்லாம் இணைக்கலாம், அதுதான் லாபம். பழைய மனு எண்ணக் கண்டிப்பா எழுதுங்க, அத எந்த வரி எழுதி முடிச்சாங்களோ அந்த வரிய அப்படியே எடுத்துப் போட்டு "களத்துல இந்த தேதியில நெலமை இது"ன்னு ஃபோட்டோ வைங்க. திரும்ப மூட வர்ற கை ஒரு நிமிஷம் யோசிக்கும். அதோட திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல அதே காகிதத்த ஒருத்தர் நேர்ல கொடுக்கட்டும், லீவு போட்டு நீங்கதான் வரணும்னு இல்ல. மத்திய அரசோட குறைதீர் தளத்துல போட்டா சீக்கிரம் நடக்கும்னு ஒரு நம்பிக்கை சுத்துது, ஊர் கண்மாய் விஷயத்த அங்க போட்டா சென்னைக்கு வந்து சிவகங்கைக்கு வந்து அதே தாசில்தார் மேஜைக்குத்தான் வரும், நாள்தான் வீணா போகும்.

முப்பது நாள் பாருங்க. அசையலன்னா தகவல் உரிமைச் சட்டம், ஆர்டிஐ. தமிழ்நாட்டுக்குத் தனி ஆர்டிஐ தளம் இருக்கு, மத்திய அரசுக்கு வேற தளம், பேர் ஒரே மாதிரி இருக்கறதால நெறய பேர் மாத்திப் போட்டு மனு திரும்பி வந்து, கட்டுன பத்து ரூபாயும் போயிருது. மாநில தளத்துல உங்க ஆபீஸ் பேர் லிஸ்ட்ல இருந்தா அங்கயே போடுங்க, இல்லன்னா வெள்ளப் பேப்பர்ல எழுதி 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க.

ஆர்டிஐ-ல "ஏன்"னு கேக்கவே கூடாது. "ஏன் ஆக்கிரமிப்ப எடுக்கல"ன்னா "இது தகவல் என்ற வரையறைக்குள் வராது"ன்னு ஒரு வரி பதில் வரும், சட்டப்படி அது சரியான பதிலும்கூட. இப்படிக் கேளுங்க: "இன்ன கிராமம் இன்ன சர்வே எண் தொடர்பாக 1.1.2020 முதல் இன்று வரை பெறப்பட்ட மனுக்கள், அவற்றின் மீதான கோப்புக் குறிப்புகள், வழங்கப்பட்ட நோட்டீஸ்கள், நில அளவர் அறிக்கை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் வழங்கவும். மேற்படி கோப்பை நேரில் ஆய்வு செய்ய நாள் ஒதுக்கவும்." அந்தக் கடைசி வரி இருக்கே, பிரிவு 2(ஜெ), அதுதான் ஆபீஸ்ல பயப்படுற வரி. நகல் கேட்டா அனுப்பிட்டு விட்ருவாங்க, ஃபைல நேர்ல பாக்க ஆள் வர்றாங்கன்னா மொத நாளே எல்லாரும் அந்த ஃபைலத் தேடி எடுத்துத் தூசி தட்டிப் படிப்பாங்க, பல வேலை அந்தப் படிப்புலயே நகந்துரும். பதில் 30 நாள்ல வரணும். வரலன்னா அதுக்கப்புறம் கொடுக்கிற நகலுக்குக் காசு வாங்கக் கூடாது, 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு போடணும். அதுக்கும் மசியலன்னா 90 நாளுக்குள்ள மாநில தகவல் ஆணையம், அங்க ஒரு நாளைக்கு 250 ரூபா வீதம் 25,000 வரைக்கும் அபராதம் போட வழி இருக்கு. ஆணையத்துல சீக்கிரம் நடக்கும்னு எதிர்பாக்காதீங்க, அனுபவம் சொல்லுது. வேலி போட்டவர் பேர், அவர் சொத்து விவரம்னு கேட்டுடாதீங்க. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் தனிநபர் தகவல்னு சொல்லி மறுக்கறது அவங்களுக்கு ரொம்ப லேசாயிருச்சு. நிலத்தப் பத்திக் கேளுங்க, ஆளப் பத்தி வேணாம்.

அப்பா விஷயம் இங்கதான் வருது. அத நான் சின்ன விஷயமா எடுத்துக்கல. ஆர்டிஐ கேக்க காரணம் சொல்லத் தேவையில்ல, பதில் அனுப்ப வேண்டிய முகவரிக்கு மேல சொந்த விவரம் எதுவும் கேக்கவும் கூடாது, பிரிவு 6(2). கோயம்புத்தூர் முகவரியிலயே போடுங்க, அப்பா பேரு, ஊர் வீட்டு முகவரி எதுலயும் வேணாம். மனுவுல உங்க பேர் மட்டும் தனியா நிக்காம ஆயக்கட்டு விவசாயிங்க பத்து பேர் கையெழுத்து போடட்டும், தண்ணி வந்தா பொழைக்கிறவங்க அவங்கதான? ஒத்த ஆள மிரட்டலாம், பத்து குடும்பத்தப் போயி மிரட்ட ஊர்ல யோசிப்பாங்க. அந்த ஆளு வந்தது எந்த தேதி, என்ன சொன்னார்னு நோட்டுல எழுதி வைங்க, இன்னொரு தடவ வந்தா போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்து மனு ரசீது வாங்குங்க. எக்ஸ்ல அவர் பேரப் போடாதீங்க, வழக்கு உங்க பக்கம் திரும்பிரும்.

அப்புறம் கிராம சபை, நீங்க கடிதத்துல அந்த வார்த்தையவே எழுதலயேன்னுதான் எனக்கு ஆச்சரியம். முன்னாடி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-ன்னு நாலு நாள் இருந்துச்சு, 2022-லருந்து மார்ச் 22 தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேந்து ஆறு. உங்க ஊர் மாதிரி மூவாயிரத்துக்குள்ள ஜனத்தொகை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வந்தாத்தான் கோரம், அதாவது கூட்டம் செல்ல வேண்டிய குறைஞ்சபட்ச ஆள் கணக்கு. குரூப்ல 180 பேர் இருக்காங்கன்னு சொன்னீங்க, அதுல எத்தன பேருக்கு ஊர்ல ஓட்டு இருக்கு? உங்களுக்கே இருக்கா, இல்ல கோயம்புத்தூருக்கு மாத்திட்டீங்களா? ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிறவங்கதான் கிராம சபை. தேர்தல் ஆணைய தளத்துல உங்க பேர் எந்த ஊர்ல இருக்குன்னு மொதல்ல பாத்துருங்க, அது ரெண்டு நிமிஷ வேலை.

அரிட்டாபட்டி உங்களுக்குப் பக்கம்தான், மேலூர்கிட்ட. 2024 நவம்பர்ல டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிஞ்ச சேதி வந்தப்ப அந்தச் சுத்துவட்டார ஊர்க்காரங்க ஃபோன்ல பொலம்பிட்டு உக்காரல, அதே மாசம் கிராம சபைகள்ல எதிர்த்துத் தீர்மானம் போட்டாங்க. டிசம்பர் 9 சட்டமன்றம் தீர்மானம் போட்டுச்சு, ஜனவரி 7 ஆயிரக்கணக்குல மதுரைக்கு நடந்து வந்தாங்க, ஜனவரி 23 ஏலம் ரத்து. ஹேஷ்டேக் உலகம் பூரா போச்சு, அது உதவாமலும் இல்ல. ஆனா அரிட்டாபட்டிய 2022-லயே பல்லுயிர் பாரம்பரிய தலமா அரசு அறிவிச்ச காகிதமும் ஊர்த் தீர்மானமும் அவங்க கையில இருந்துச்சு. உங்க வரத்துக்கால் அவ்வளவு பெரிய சண்டை இல்ல, ஆனா வழி அதேதான்.

தீர்மானத்த நீங்களே எழுதி எடுத்துட்டுப் போங்க, சர்வே நம்பரோட, நாலு வரி. "பேசுவோம், பேசுவோம்"னு சொல்லி மினிட் புக்ல ஏத்தாம விட்டுருவாங்க. கூட்டத்துக்கு ஒன்றியத்துலருந்து ஒரு பற்றாளர், அதாவது கூட்டத்தப் பாக்க அனுப்புற அலுவலர் வந்திருப்பார், பல தடவ நான் போயிருக்கேன், எங்க கவலையெல்லாம் கோரம் சேந்துச்சா, ஃபோட்டோ எடுத்தாச்சா, மதிய பஸ் கெடைக்குமாங்கறதுதான். பெண்கள் பத்து பேர் எந்திரிச்சு "இத எழுதிட்டுப் போங்க சார்"னு நின்னாங்கன்னா எழுதாம எந்த பற்றாளரும் கெளம்ப மாட்டார். உங்க ஊர்ல மகளிர் சுய உதவிக் குழு எத்தன இருக்கு, அவங்ககிட்ட யாராவது பேசுனீங்களா? குப்பை நாத்தத்துல தினம் தண்ணி எடுக்கப் போறவங்க அவங்கதான். எழுதி முடிச்சதும் அந்தப் பக்கத்த ஃபோன்ல படம் எடுத்துக்கணும், அப்பவே, அங்கயே.

வாட்ஸ்அப் குரூப்ப கலைக்க வேணாம், சண்ட போடுறவங்க அதுலயே போடட்டும். எட்டு பத்து பேருக்குத் தனியா ஒண்ணு ஆரம்பிச்சு கூடவே ஒரு கூகுள் ஷீட் வைங்க: எந்த மனு, எந்த ஆபீஸ், மனு எண், தேதி, அடுத்து பாக்க வேண்டிய தேதி, யார் பொறுப்பு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துல படகு, சாப்பாடு, தங்க எடம்னு முகம் தெரியாத பசங்க ஷேர்டு ஷீட்டயும் ஆன்லைன் மேப்பயும் வச்சுத்தான் ஓட்டுனாங்க, எந்தத் தெரு முங்கியிருக்குன்னு ஜனங்களே மேப்ல குறிச்சாங்க. நீங்க ஊர்ல இல்லங்கறது இந்த ஷீட்ல ஒரு கொறையே இல்ல, சொல்லப்போனா வெளியூர்ல இருக்கிறவனுக்குத்தான் தேதி பாத்து ஞாபகப்படுத்த நேரம் இருக்கும். ஊர்ல இருக்கிறவங்க களம் பாப்பாங்க, நீங்க காகிதம் பாருங்க.

கால்வாய தோண்டி சரிபண்ண ஊரே பணம் போட தயாரா இருந்தா நமக்கு நாமே திட்டம் இருக்கு, மக்கள் ஒரு பங்கு போட்டா மீதி அரசு. ஆனா ஆக்கிரமிப்ப எடுத்தப்புறம் யோசிக்க வேண்டிய விஷயம் அது, இப்ப அந்தப் பேச்ச எடுத்தா சண்ட வசூல் கணக்குக்குப் போயிரும்.

இந்த சனி ஞாயிறுல ரெண்டே வேலை பண்ணுங்க, உங்க ஓட்டு எங்க இருக்குன்னு பாருங்க, வரத்துக்கால் சர்வே நம்பரக் கண்டுபிடிங்க. எஃப்எம்பி பாக்கத் தெரியலன்னா அந்தப் பக்கத்த படமா எடுத்து எனக்கு அனுப்புங்க, கோடு எது வாய்க்கால் எது வரப்பு எதுன்னு நான் குறிச்சு அனுப்புறேன்.